துண்டுகளைச் சேர்த்த தமிழ்த் தாத்தா

உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாக எடுத்த எவருக்கும் உ.வே.சாமிநாதையர் என்ற பெயர் புதிதல்ல. தலைப்பாகையும் சால்வையுமாக ஒரு படம், அவர் பதிப்பித்த நூல்களின் பட்டியல், பக்கத்தில் சில ஆண்டுகள். பரீட்சைக்கு அவ்வளவும் போதும். ஆனால் அவர் எழுதிய என் சரித்திரம் என்ற நூலை வாசித்தபோது, பட்டியலுக்குள் அடங்காத ஒரு மனிதரை நான் கண்டேன். கலைந்து கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, பொருத்திப் பார்த்து, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வேலையைச் செய்த மனிதர் அவர். நம் வீட்டுச் சிறுவர்கள் விளையாடும் ஜிக்சோ பஸில்தான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அந்த விளையாட்டின் உத்திகளை வைத்தே அவருடைய வாழ்க்கையைச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஜிக்சோ பஸில் முதலில் விளையாட்டுப் பொருளாகப் பிறக்கவில்லை. 1760களில் இலண்டனில் இருந்த ஜோன் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடத் தொழிலாளி, தேசப்படம் ஒன்றைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே அறுத்துத் துண்டுகளாக்கினார். பிள்ளைகள் அவற்றைச் சேர்த்துப் பூமிசாத்திரம் படித்தார்கள். ஆகவே அது ஆரம்பத்திலேயே ஒரு படிப்பு முறைதான்.

அதற்குச் சில உத்திகள் உண்டு. எங்கள் நாவிதன்வெளிப் பக்கத்தில் மாரிகாலத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். பாடசாலையும் இல்லை, ரியூசனும் இல்லை. அப்படியான நாட்களில் வாப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்த 500 துண்டுப் பஸிலைத் தம்பியோடு பாயில் பரப்பிச் சேர்த்திருக்கிறேன். முதலில் எல்லாத் துண்டுகளையும் நிமிர்த்திப் போட வேண்டும். பிறகு ஓரம் நேராக உள்ளவற்றைப் பொறுக்கிச் சட்டத்தைக் கட்ட வேண்டும். அதன் பிறகு நிறத்தால் பிரித்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு தீவுகளை உண்டாக்கி, கடைசியில் தீவுகளை இணைக்க வேண்டும். பொருந்தாத துண்டை விரலால் அமுக்கி நுழைக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியின் மூடியில் முழுப் படமும் இருக்கும். சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சாமிநாதையரிடம் மூடி இருக்கவில்லை. துண்டுகளும் முழுமையாக இருக்கவில்லை. பல பெட்டிகளின் துண்டுகள் ஒன்றாகக் கலந்து, பாதியைச் செல்லரித்த பிறகுதான் அவை அவர் கைக்கு வந்தன.

ஊர் ஊராகப் படித்த பிள்ளை

அவர் 1855ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி பிறந்தார். தஞ்சாவூர்ப் பகுதியில் உள்ள உத்தமதானபுரம் என்ற சிறு கிராமம்தான் அவருடைய ஊர். தந்தை வேங்கடசுப்பையர் ஒரு சங்கீத வித்துவான். நிலையான வருமானம் இல்லாத குடும்பம். ஆதரிப்பவர்கள் இருக்கும் ஊரைத் தேடிக் குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. மகன் சங்கீதம் படித்துத் தன் வழியில் வர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கோ தமிழில் தீராத ஆசை. ஓர் ஊரில் ஓர் ஆசிரியரிடம் ஒரு நூலின் பகுதி, இன்னோர் ஊரில் இன்னொருவரிடம் வேறொரு நூல் என்று அவருடைய இளமைக் கல்வியே துண்டு துண்டாகத்தான் நடந்தது.

1871இல் அவர் மாயூரத்துக்குப் போய், அக்காலத்தில் புகழ்பெற்ற மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. இதை எழுதும் என்னைவிட ஒரு வயது இளையவர். பிள்ளையவர்கள் ஆயிரக்கணக்கான செய்யுட்களைத் தங்குதடையின்றி இயற்றக்கூடியவர். ஆசிரியர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதுவதும் மாணவர்களின் வேலை. வேங்கடராமன் என்று அழைக்கப்பட்ட பிள்ளைக்குச் சாமிநாதன் என்ற பெயரை நிலைநிறுத்தியவரும் அந்த ஆசிரியரே. மாயூரத்திலும் திருவாவடுதுறை மடத்திலுமாக 1876இல் ஆசிரியர் மறையும் வரை இந்தப் படிப்பு தொடர்ந்தது. அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், உலா, புராணம் என்று அவர் அப்போது கற்ற நூல்களின் எண்ணிக்கை மிகப் பெரியது. செய்யுள் இயற்றும் பயிற்சியும் நன்றாகக் கைவந்தது. இந்தக் கடைசிச் செய்தியை மறக்க வேண்டாம். பிறகு தேவைப்படும்.

ஒரு கேள்வி

1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, அவருடைய இடத்துக்குச் சாமிநாதையர் தமிழாசிரியராக வந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில், அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். சாமிநாதையர் தாம் கற்றவற்றை அடுக்கிக்கொண்டே போனார். முதலியாரின் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் விசாரித்தார்.

அத்தனை நூல்களைக் கற்ற ஒருவருக்குச் சங்க நூல்களும் பெருங்காப்பியங்களும் முறையாகத் தெரியாமல் இருந்தது இன்று நமக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அது அவருடைய குறை அல்ல. அந்தக் காலத்துப் படிப்பு அப்படி இருந்தது. நாம் ஆறாம் வகுப்பிலிருந்தே பெயர் அறிந்திருக்கும் புறநானூறும் சிலப்பதிகாரமும் அப்போது பாடத்தில் இல்லை, கடையிலும் இல்லை. எங்கோ பரணில், மூட்டைக்குள், புழுவுக்கு இரையாகிக் கிடந்தன. முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். அந்த நாளில்தான் அவருடைய உண்மையான வாழ்க்கை தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

துண்டுகளை நிமிர்த்தல்

ஏட்டுச்சுவடியை நம்மில் பலர் நூதனசாலைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருப்போம். பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, துளையிட்டுக் கயிற்றில் கோப்பார்கள். கயிறு அறுந்தால் ஏடுகள் சிதறிவிடும். ஏட்டின் இலக்கம் ஓரத்தில் இருக்கும். முதலில் ஒடிவதும் ஓரம்தான்! எழுத்திலும் சிக்கல் உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். செய்யுளை அடி பிரித்து எழுதும் வழக்கமும் இல்லை. உரை எங்கே முடிகிறது, செய்யுள் எங்கே தொடங்குகிறது என்பதை வாசிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். ஆகவே ஓர் ஏட்டைச் சரியாக வாசிப்பதே ஒரு துண்டை நிமிர்த்திப் போடுவதற்குச் சமம்.

அவர் ஒரே நூலுக்குப் பல ஊர்ப் பிரதிகளைத் தேடினார். ஒரு பிரதியில் அரித்துப்போன இடம் இன்னொரு பிரதியில் தப்பியிருக்கும் அல்லவா? புகைவண்டியிலும் மாட்டுவண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போனார். மடங்களில், புலவர் பரம்பரை வீடுகளில், மூலையில் கிடந்த மூட்டைகளில் தேடினார். சில இடங்களில் அவர் போவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்கள் இருந்தார்கள். திருநெல்வேலிப் பகுதியில் கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில், பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்று அறிந்து அவர் மனம் நொந்தார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மரியாதையாக அனுப்பி வைத்ததாகவே அவர்கள் எண்ணினார்கள்.

சட்டமும் தீவுகளும்

சீவக சிந்தாமணி ஒரு சமண காப்பியம். சாமிநாதையரோ சைவ மரபில் ஊறியவர். நூலில் வந்த சமண சமயச் சொற்களுக்கு அவருடைய படிப்பில் விளக்கம் இல்லை. அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடு தேடிப் போனார். அவர்களுக்கு அந்த நூல் பரணில் கிடக்கும் பண்டம் அல்ல, வாசித்துப் போற்றும் நூல். அவர்களிடம் பணிவோடு கேட்டு ஒவ்வொன்றாகத் தெளிந்தார். பிற்காலத்தில் மணிமேகலையைப் பதிப்பித்தபோது பௌத்தக் கருத்துகளைப் பேராசிரியர் ரங்காசாரியரிடம் கேட்டறிந்தார். மாற்றுச் சமயத்தாரின் நூலில் ஏன் இவ்வளவு உழைப்பு என்று குறை சொன்னவர்களும் இருந்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. பல சமயத்தார் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் நம் பிரதேசத்தில் இருந்து இந்தப் பகுதியை வாசித்தபோது, எனக்கு அவர்மீது தனி மதிப்பு உண்டானது. ஒரு நூலை அறிய வேண்டுமானால் அந்த நூலுக்கு உரியவர்களின் வாசலுக்குப் போக வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார்.

அவருக்குச் சட்டமாக உதவியது பழைய உரை. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை எழுதியிருந்தார். அந்த உரையாசிரியர் செய்யுளில் எங்கோ தூரத்தில் கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து சேர்த்துப் பொருள் சொல்பவர். அதோடு வேறு நூல்களிலிருந்து மேற்கோள்களை அள்ளித் தருவார். எந்த நூல் என்று பல இடங்களில் சொல்ல மாட்டார். இந்த மேற்கோள்கள் எந்தப் படத்தின் துண்டுகள் என்று தெரியாமல் சாமிநாதையர் திகைத்தார். பிறகு திருவாவடுதுறை மடத்தில் பழைய சுவடிகளைத் தேடியபோது எட்டுத்தொகை நூல்கள் அடங்கிய ஏடுகள் கிடைத்தன. பெயரில்லாமல் நின்ற மேற்கோள்களில் பல அங்கே முழுப் பாட்டாக இருந்தன. சிந்தாமணி என்ற ஒரு தீவைக் கட்டப் போனவருக்குப் பக்கத்தில் இன்னும் பல தீவுகள் தென்பட்டன.

நிறம் பிரிப்பது போல அவர் குறிப்புகள் எடுத்தார். சொற்களுக்கு அகராதி, மேற்கோள்களுக்கு அகராதி, புலவர் பெயர், அரசர் பெயர், ஊர்ப் பெயர் என்று தனித்தனியாக எழுதி வைத்தார். கணினி இல்லாத காலத்தில் எல்லாம் கையெழுத்தில். ஒரு நூலில் சந்தேகமான சொல் இன்னொரு நூலில் தெளிவாக வந்தால் உடனே இரண்டையும் பொருத்திப் பார்க்க அந்தக் குறிப்புகள் உதவின.

இப்படி 1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை, 1903இல் ஐங்குறுநூறு, 1904இல் பதிற்றுப்பத்து, 1918இல் பரிபாடல், 1924இல் பெருங்கதை, 1937இல் குறுந்தொகை. கடைசி நூல் வந்தபோது அவருக்கு 82 வயது.

இந்த வேலையில் அவர் தனி ஒருவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டின் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம்பிள்ளை அவருக்கு முன்பே இறங்கியவர். சிந்தாமணி வந்த அதே 1887இல் அவர் கலித்தொகையைப் பதிப்பித்தார். இன்னும் பின்னோக்கிப் போனால், சாமிநாதையர் பிறப்பதற்கு முன்பே, 1842இல், புலவர் நாயகம் என்று போற்றப்பட்ட செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம், உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். நம் கையில் இருக்கும் ஒவ்வொரு பழைய நூலுக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் கண் நோக வாசித்திருக்கிறார்.

இல்லாத துண்டு

இனித்தான் எனக்கு முக்கியமான பகுதி. எவ்வளவு தேடியும் சில துண்டுகள் கிடைப்பதில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் வரிசையாக வரும் இடம் உண்டு. அவருக்குக் கிடைத்த பிரதிகளில் அந்த வரிசையின் சில பூக்கள் இல்லை. அவர் நினைத்திருந்தால் அளவுக்குப் பொருத்தமான நாலைந்து பூக்களின் பெயரைத் தாமே இட்டு நிரப்பியிருக்கலாம். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்கு அது ஒரு நிமிட வேலை. யாரும் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. தேடிக்கொண்டே இருந்தார். பிறகு தருமபுரம் ஆதீனத்தில் கிடைத்த ஏட்டில் அந்தப் பூக்கள் இருந்தன.

எல்லா இடத்திலும் அப்படி வாய்க்கவில்லை. பரிபாடல் எழுபது பாடல்களைக் கொண்டது. முழுமையாகக் கிடைத்தவை 22 மட்டும். பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. புறநானூற்றில் 267ஆம் 268ஆம் பாட்டுகள் இல்லை. இன்னும் பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருக்கின்றன. அந்த இடங்களில் இன்றும் புள்ளிகளையே காண்கிறோம். பிரதிக்குப் பிரதி சொல் வேறுபட்டால், தாம் ஒன்றைத் தெரிவு செய்துவிட்டு மற்றதை மறைக்காமல், பாடபேதம் என்று அடிக்குறிப்பில் காட்டினார். பொருந்தாத துண்டை அமுக்கி நுழைக்காத கை அது. அந்தப் புள்ளிகளை நம்பித்தான் மற்ற வரிகளை நாம் நம்புகிறோம். ஓரிடத்தில் அவர் தாமாக நிரப்பியிருந்தால், எந்த வரி புலவருடையது, எந்த வரி பதிப்பாசிரியருடையது என்ற சந்தேகம் நூல் முழுவதிலும் பரவியிருக்கும்.

அவரை வாழ்நாள் முழுவதும் வருத்திய துண்டு வளையாபதி. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான அந்த நூலின் ஏட்டைத் தம் இளமையில் திருவாவடுதுறை மடத்தில் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். அப்போது அந்த வகை நூல்களில் அவருடைய மனம் செல்லவில்லை. அதன் அருமை தெரிந்து பிற்காலத்தில் தேடியபோது அந்த ஏடு எங்கும் கிடைக்கவில்லை. இன்று வளையாபதியில் எஞ்சியிருப்பவை எழுபதை ஒட்டிய செய்யுட்களே. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரத் தாமதமானது. என் வயதை ஒட்டிய வயதில், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு காப்பியம் இருந்திருக்கிறது!

கடைசி ஆண்டுகள்

1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919இல் ஓய்வு பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாய பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் கிடைத்தன. தமக்குக் கும்பகோணத்தில் வேலை கிடைக்கக் காரணமான தியாகராச செட்டியாரின் நினைவாகச் சென்னையில் தம் வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். நன்றி மறவாமை அவருடைய இயல்பு. ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றையும் விரிவாக எழுதினார்.

1940இலிருந்து தம் சொந்த வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். இரண்டாம் உலகப்போரின் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியேறிய 1942இல் அவரும் திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். அங்கே ஏப்ரல் 28ஆம் திகதி, 87ஆவது வயதில் காலமானார். அவர் எழுதிய வரலாறு மணிமேகலை வெளிவந்த காலத்தை ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்திய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் எழுத்தில் இல்லை. துண்டுகளைச் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்டவரின் சொந்தப் படமும் பாதியில் நிற்கிறது. அவர் சேர்த்த சுவடிகளும் நூல்களும் சென்னையில் அவர் பெயரால் உள்ள நூலகத்தில் பேணப்படுகின்றன.

நம்மிடம் உள்ளவை

சகோதரிகளே, ஏட்டுச்சுவடி தேட நாம் கும்பகோணம் போக வேண்டியதில்லை. நம் பகுதியில் வயல் வேலையின்போதும் தாலாட்டும்போதும் பெண்கள் பாடிய நாட்டார் கவிகள் இருக்கின்றன. சில வீடுகளில் அறபுத்தமிழில் எழுதிய பழைய கிதாபுகள் இருக்கின்றன. கவிகளில் ஒரு பகுதியை நம் ஊர் அறிஞர்கள் தொகுத்து அச்சிட்டிருக்கிறார்கள். அச்சில் வராதவை இன்னும் பல.

என் உம்மும்மாவுக்கு ஒரு கவியின் முதலிரண்டு வரி நினைவிருக்கிறது. அதே கவியின் கடைசி வரியைச் சாளம்பைக்கேணியில் உள்ள அவருடைய தங்கச்சி சொல்கிறார். நடுவரி இருவருக்கும் இல்லை. நான் ஒரு கொப்பியில் முதல் வரிகளையும் கடைசி வரியையும் எழுதி, யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் திகதி என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன். நடுவில் ஓசைக்குப் பொருத்தமாக ஒரு வரி எனக்கே தோன்றுகிறது. அதை எழுதவில்லை. அந்த இடத்தில் ஐந்து புள்ளிகள் வைத்திருக்கிறேன். அந்த வரியை அறிந்த ஒரு மூத்தம்மா அன்னமலைப் பக்கமோ மத்தியமுகாமிலோ மருதமுனையிலோ இருக்கக்கூடும். உங்கள் வீட்டிலேயே இருக்கவும் கூடும். அடுத்த விடுமுறையில் கேட்டுப் பாருங்கள்.